தோள்மூட்டின் குழி தேய்ந்துவிட்டால்: நாம் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்



இந்த மாதம் தோள்மூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களில் முழங்கால் நோவைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். தோள் நோவைப் பற்றிக் கேட்டால், "அது பழைய காயம், அது அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். தலை வாரக் கை எழும்பாது. கொடியில் உடுப்புக் காயப்போட முடியாது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. இருந்தும் ஆண்டுக்கணக்காக ஒரு கையாலேயே வீட்டை நடத்திக்கொண்டிருக்கும் பெண்களை நான் வேலை செய்யும் கிராமங்களில் நிறையவே காண்கிறேன்.

இவர்களில் சிலர் நோவு தாங்காமல் கடைசியில் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிச் சொல்கிறார். கூடவே, "குழியில் எலும்பு குறைவு" என்றும் சொல்கிறார். கிளினிக் கொப்பியில் 'கிளெனொயிட் போன் லொஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது அந்தச் சொல், "எலும்பு இல்லையாம், இனி ஒண்டும் செய்யேலாதாம்" என்று மாறிவிடுகிறது. அத்தோடு கொப்பி பெட்டிக்குள் போய்விடுகிறது.

குழியில் எலும்பு குறைந்தால் சத்திரசிகிச்சை கடினமாகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைவை அளக்கலாம், அதற்கேற்பத் திட்டமிடலாம். அந்தத் திட்டம் சரியாக அமைய, நாம் மட்டுமே சொல்லக்கூடிய சில விடயங்கள் வைத்தியருக்குத் தேவைப்படுகின்றன. அவற்றைச் சொல்லாமல் வந்துவிடுகிறோம் என்பதே என் கவலை.

நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணியில் இருப்பவள். பெண்களுடன் கிளினிக்குகளுக்குப் போய் வந்தும், வைத்தியர்களிடம் கேட்டும், வாசித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் தோளுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியரே சொல்ல வேண்டும்.

பந்தும் குழியும்

மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து போல உருண்டையானது. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமில்லாத சிறிய குழி ஒன்றில் அது பொருந்தியிருக்கிறது. அந்தக் குழியைத்தான் கிளெனொயிட் என்கிறார்கள். பெண்களில் அதன் உயரம் ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றர், அகலம் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர். தேசிக்காயைத் தேக்கரண்டியில் வைத்தது போல என்று நினைத்துப் பாருங்கள். பந்து பெரிது, குழி சிறிது. இதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. இதனால்தான் தோள் எளிதில் கழன்றும் விடுகிறது. சுற்றியுள்ள தசைகளும் தசைநாண்களுமே பந்தைக் குழியின் நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில், தேய்ந்த பந்துக்குப் பதிலாக உலோகப் பந்தும், குழியின் முகத்தில் பிளாஸ்ரிக்கால் ஆன புதிய மேற்பரப்பும் பொருத்தப்படுகின்றன. கதியால் நிற்க மண் வேண்டும். அதுபோலக் குழியில் பொருத்தும் பாகம் நிற்க எலும்பு வேண்டும். எலும்பு குறைவாகவோ சரிவாகவோ இருந்தால், பொருத்திய பாகம் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கும். வைத்தியர் 'எலும்பு குறைவு' என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இந்தக் கவலைதான்.

எலும்பு ஏன் குறைகிறது?

காரணங்கள் பல. வயதோடு வரும் மூட்டுத் தேய்வில் குழியின் பின்பக்கம் கூடுதலாகத் தேய்வது வழக்கம். ருமற்றொயிட் எனப்படும் மூட்டுவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதில் குழி நடுவே உள்நோக்கிக் குடைபடும். தோளின் தசைநாண்கள் அறுந்து நீண்டகாலம் கவனிக்கப்படாமல் விட்டால், பந்து மேல்நோக்கி ஏறிக் குழியின் மேல்விளிம்பைத் தேய்க்கும்.

எங்கள் பெண்களில் நான் காணும் காரணங்கள் இன்னும் இரண்டு. ஒன்று, இடப்பெயர்வின்போது கழன்ற தோள் சரியாகப் பொருத்தப்படாமலே விடப்பட்டது. 2009 இல் ஓடிக்கொண்டிருந்தபோது கை கழன்றால் யாரிடம் காட்டுவது? துணியால் கட்டிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இப்படி விலகிய நிலையிலேயே, அல்லது அடிக்கடி கழன்று கழன்று பொருந்தும் நிலையில் ஆண்டுகள் போனால், பந்து குழியின் முன்விளிம்பை அரைத்துவிடும். மற்றது, ஷெல் துண்டு பட்டு எலும்பு சிதறியது, அல்லது அந்தக் காயத்தில் கிருமி பிடித்து எலும்பு அரிபட்டது.

தேய்ந்துபோன எலும்பு எண்ணெயாலோ பத்துப் போடுவதாலோ மாத்திரையாலோ மறுபடி வளராது. தடவுவது நோவைச் சற்று ஆற்றலாம். ஆனால் பழைய விலகலைப் பல ஆண்டுகளுக்குப் பின் பலமாக இழுத்துப் பொருத்த யாரையும் விடாதீர்கள். எலும்பு முறியவும் நரம்பு காயப்படவும் இடமுண்டு.

முதலில் அளந்து பார்க்க வேண்டும்

சாதாரண எக்ஸ்ரே ஒரு பக்கப் பார்வையே. குழி எந்தப் பக்கம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சீ.ரி. ஸ்கான் நன்றாகக் காட்டும். இப்போது அந்தப் படங்களைக் கணினியில் முப்பரிமாணமாகத் திருப்பிப் பார்த்தே பல இடங்களில் திட்டமிடுகிறார்கள். 1999 இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜில் வோல்ஷ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் இத்தகைய ஸ்கான் படங்களைக் கொண்டு மூட்டுத் தேய்வுக் குழிகளை வகைப்படுத்தினார்கள். நடுவே சமமாகத் தேய்ந்தவை, பின்பக்கம் தேய்ந்தவை, பிறவியிலேயே சரிவாக அமைந்தவை என்று அவை பிரிக்கப்பட்டன. 2016 இல் இன்னும் சில வகைகள் சேர்க்கப்பட்டன. உங்கள் கொப்பியில் 'ஏ', 'பி', 'சி' என்ற ஆங்கில எழுத்துகள் எண்ணோடு எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் இந்த வகைப்படுத்தலைத்தான் குறிக்கும்.

ஆகவே 'எலும்பு குறைவு' என்று கேட்டதும் எழுந்து வந்துவிடாமல், "எவ்வளவு குறைவு? எந்தப் பக்கம்? ஸ்கான் எடுத்துப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள்.

என்ன செய்கிறார்கள்?

வீட்டில் ஒரு மேசை ஆடினால் என்ன செய்வோம்? உயர்ந்த காலைக் கொஞ்சம் சீவுவோம். அல்லது தாழ்ந்த காலுக்கு ஆப்பு வைப்போம். குழியிலும் ஏறத்தாழ இதே வழிதான்.

சிறிய சரிவு என்றால், உயர்ந்த பக்கத்து எலும்பைச் சற்றுச் சீவிச் சமப்படுத்துகிறார்கள். பொதுவாக 10 முதல் 15 பாகை வரையான திருத்தத்துக்கே இது பொருந்தும். அதற்கு மேல் சீவினால் இருக்கிற நல்ல எலும்பும் போய்விடும்.

சரிவு கூடுதலாக இருந்தால், தாழ்ந்த பக்கத்துக்கு எலும்பு வைத்து நிரப்புகிறார்கள். சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் உங்கள் சொந்த எலும்புப் பந்திலிருந்தே அந்தத் துண்டை வெட்டி எடுக்கலாம். அது போதாவிட்டால் இடுப்பு எலும்பிலிருந்து எடுப்பார்கள். வைத்த எலும்பு உடலோடு ஒட்ட வேண்டும். சிலருக்கு ஒட்டாமல் கரைந்து போவதும் உண்டு. இன்னொரு வழி, ஒரு பக்கம் தடித்த ஆப்பு வடிவப் பாகத்தையே பொருத்துவது.

மூன்றாவது, தலைகீழ் மூட்டு. பிரான்சின் டிஜோன் நகரில் போல் கிராமோன் என்ற வைத்தியர் 1985 இல் இதை அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவில் 2003 இல் இதற்கு அனுமதி கிடைத்தது. இதில் பந்து குழியின் பக்கமும், கிண்ணம் கையின் பக்கமும் மாற்றிப் பொருத்தப்படுகின்றன. குழிப்பக்கத்துத் தட்டு திருகாணிகளால் இறுக்கப்படுவதால், குறைந்த எலும்பிலும் கூடுதலாகப் பிடித்து நிற்கும். தேவையானால் அந்தத் தட்டின் அடியில் எலும்புத் துண்டும் வைக்கலாம். அறுந்த தசைநாண்களுக்குப் பதிலாகத் தோளின் வெளிப்பக்கத்துப் பெரிய தசையே கையைத் தூக்கும். பொதுவாக வயது கூடியவர்களுக்கே இதைச் செய்கிறார்கள்.

குழி மிக மோசமாக அழிந்திருந்தால், முதலில் எலும்பை மட்டும் வைத்து, அது ஒட்டச் சில மாதங்கள் விட்டு, பிறகு மூட்டைப் பொருத்துவதுண்டு. ஸ்கான் படத்தைக் கொண்டு அந்த நோயாளிக்கென்றே தனியாகப் பாகம் செய்வதும் உண்டு. அது செலவு கூடியது, எல்லா இடத்திலும் கிடைக்காது. எதையும் தாங்கும் நிலையில் குழி இல்லையென்றால், பந்தை மட்டும் மாற்றுவார்கள். அதில் நோவு குறைவது அவ்வளவு நிச்சயமில்லை.

சத்திரசிகிச்சையே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். நோவு தாங்கக்கூடியதாக இருந்தால், மருந்து, பிசியோதெரபி, வேலைமுறையை மாற்றுதல் ஆகியவற்றோடு வாழ்பவர்கள் பலர். ஆனால் அப்படி முடிவு செய்தாலும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். எலும்பு உராய உராயக் குறையும். இன்று எளிதாகச் செய்யக்கூடியது பத்து ஆண்டுகளின் பின் கடினமாகலாம்.

பழைய காயத்தின் கதையைச் சொல்லுங்கள்

இனி, நாம் சொல்ல வேண்டியவற்றுக்கு வருகிறேன். போரைப் பற்றிக் கதைக்கப் பலருக்கு விருப்பமில்லை. நினைத்தாலே நெஞ்சு பதறும். சொன்னால் ஏதும் வில்லங்கம் வருமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. எங்கே, யாரால், ஏன் என்பவற்றை நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்வரும் மூன்றையும் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒன்று, உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறதா? தோளில் மட்டுமல்ல, எங்கே இருந்தாலும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பெரிய காந்தத்தால் இயங்குவது. உடலுக்குள் உள்ள இரும்புத் துண்டு அதில் அசையலாம். கண்ணுக்கு அருகிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருந்தால் ஆபத்து. சீ.ரி. ஸ்கானில் இந்தப் பயம் இல்லை.

இரண்டு, அந்தக் காயம் சீழ் பிடித்ததா? எத்தனை மாதம் ஆறாமல் இருந்தது? பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயத்திலும் எலும்புக்குள் கிருமி உறங்கிக் கிடக்கக்கூடும். செயற்கை மூட்டுக்குக் கிருமிதான் பெரிய எதிரி. 1893 இல் பரிசில் ஜூல் எமில் பெயான் என்ற வைத்தியர், காசநோயால் அழிந்த ஒருவரின் தோளுக்குப் பிளாட்டினமும் இறப்பரும் கொண்டு செய்த மூட்டைப் பொருத்தினார். அறியப்பட்ட முதல் தோள்மூட்டு மாற்று அதுதான். கிருமி அடங்காததால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அதை அகற்ற வேண்டியதாயிற்று. இன்று இரத்தப் பரிசோதனையாலும், தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதாலும் முன்கூட்டியே தேடலாம். தேட வேண்டும் என்பது உங்கள் கதையைக் கேட்டால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

மூன்று, தோளின் வெளிப்பக்கம், தடுப்பூசி போடும் இடம், விறைப்பாக இருக்கிறதா? அந்த இடத்துத் தசை சூம்பியிருக்கிறதா? அங்குள்ள நரம்பு காயப்பட்டிருந்தால் பெரிய தசை இயங்காது. அந்தத் தசை இயங்காவிட்டால் தலைகீழ் மூட்டால் கையைத் தூக்க முடியாது.

"வீட்டிலை சும்மாதான்" என்று சொல்லாதீர்கள்

சில காலத்துக்கு முன் வன்னியைச் சேர்ந்த ஓர் அக்காவுடன் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அறுபதை நெருங்கும் வயது. கணவர் இல்லை. வைத்தியர், "என்ன வேலை செய்யிறீங்கள் அம்மா?" என்று கேட்டார். "வேலை ஒண்டும் இல்லை ஐயா, வீட்டிலை சும்மாதான் இருக்கிறன்" என்றார் அக்கா. வைத்தியர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அக்காவின் 'சும்மா' என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு மாடுகள். கிணற்றடியில் மிளகாய்க் கன்றுகள். காலையும் மாலையும் கப்பியில் வாளி வாளியாகத் தண்ணீர். பத்து லீற்றர் வாளி என்றால் பத்துக் கிலோ. அதைக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி இழுக்க வேண்டும். விறகு, தேங்காய் துருவல், பேரப்பிள்ளையைத் தூக்குதல் வேறு. அக்காவின் சம்மதத்தோடு இவற்றைச் சொன்னேன். அதன்பிறகு வைத்தியர் கேட்ட கேள்விகள் மாறின. "இந்தக் குழியிலை எலும்பு வைச்சுத்தான் பொருத்த வேணும். பொருத்தினாப் பிறகு தண்ணி இறைக்கேலாது. ஆர் இறைப்பினம்?" என்று கேட்டார். சத்திரசிகிச்சையைவிட முக்கியமான கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது.

நாங்கள் வீடு திரும்பி அதற்கு ஒழுங்கு செய்தோம். கிணற்றுக்கு ஒரு சிறிய மோட்டார் ஏற்பாடானது. மாடுகள் மகளின் வளவுக்குப் போயின. நான்கு மாதம் கழித்தே அக்கா சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்தார். எலும்புத் துண்டு வைத்துத் தலைகீழ் மூட்டுப் பொருத்தினார்கள். இப்போது அவர் தன் தலையைத் தானே வாருகிறார், இரவில் நித்திரை கொள்கிறார். வாளி தூக்குவதில்லை. முதுகுப் பக்கம் கை முழுதாகப் போகாது. "மாடு இல்லாததுதான் பிள்ளை கவலை" என்கிறார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சத்திரசிகிச்சை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

சம்பளம் இல்லாத வேலையை வேலை என்று கணக்கெடுக்காத பழக்கம் எங்கள் சமூகத்தில் ஊறிப்போனது. படிக்கும் காலத்தில் அதைப் பாடமாகப் படித்தேன். ஒரு பெண்ணின் எலும்பில் அதன் விளைவு எப்படி இருக்கும் என்பதைக் கிளினிக் வாங்கில் இருந்தபோதுதான் கண்டேன். குறைந்த எலும்பில் நிற்கும் மூட்டு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று தெரியாமல் யாரும் சரியாகத் திட்டமிட முடியாது. ஆகவே போகுமுன் ஒரு நாளில் என்னென்ன தூக்குகிறீர்கள், இழுக்கிறீர்கள், அரைக்கிறீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

முன்னும் பின்னும்

சத்திரசிகிச்சைக்கு முன், சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும். கட்டுப்பாடில்லாத சீனியில் கிருமி பிடிப்பது கூடும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் அதை நிறுத்த வேண்டும். புகையிலையில் உள்ள நிக்கொட்டின் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். சொத்திப் பல் இருந்தால் முன்பே காட்டிச் சரிசெய்யுங்கள்.

பின்னர் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் கையைத் தொட்டில் துணியில் வைத்திருக்கச் சொல்வார்கள். பாயிலிருந்து கையூன்றி எழும்புவதும், முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோவதும் முதல் மூன்று மாதங்களில் ஆபத்து. மூட்டு கழன்றுவிடலாம். எனவே உயரமான கட்டில் ஒன்றும், முன்பக்கம் திறக்கும் சட்டைகளும் முன்பே தேவை. பிசியோதெரபி பல மாதங்கள் தொடரும். பாரம் தூக்குவதில் வாழ்நாள் கட்டுப்பாடு இருக்கும். தனித்து வாழும் சகோதரிகள், இந்தக் காலத்துக்கு யார் உதவுவார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு நாள் குறியுங்கள். மாதர் சங்கத்தில் சொல்லுங்கள். முறைவைத்துச் சமைத்துக் கொடுப்பது எங்களுக்குப் புதிய விடயம் இல்லை. பொருத்தும் பாகத்துக்குப் பணம் கட்டவேண்டி வந்தால், எந்த உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

கிளினிக்கில் கேட்பதற்கு இந்த ஐந்து கேள்விகளையும் வெட்டி எடுத்துக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்:

1. என் குழியில் எலும்பு எவ்வளவு, எந்தப் பக்கம் குறைந்திருக்கிறது?
2. அதை எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள்? சீவியா, எலும்பு வைத்தா, தலைகீழ் மூட்டாலா?
3. கிருமி இல்லை என்பதையும் நரம்பு நன்றாக இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டீர்களா?
4. பிறகு நான் எந்த வேலைகளைச் செய்யலாம், எவற்றைச் செய்யக்கூடாது?
5. இப்போது செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எப்போது மறுபடி வந்து காட்ட வேண்டும்?

மகன் சொன்னாரா, மருமகள் சொன்னாரா என்பதைவிட, இந்த ஐந்துக்கும் பதில் கேட்ட பின் உங்கள் மனம் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். கையொப்பம் இடுவது உங்கள் கை. பெட்டிக்குள் வைத்த கொப்பியை எடுங்கள். அடுத்த கிளினிக் நாளைக் கேட்டு வையுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.